கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு படுக்கையறை: டர்பன் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க், டோங்காட் என எங்கே பார்த்தாலும் நம் வீடுகளில் ஆட்கள் கூடுகிறார்களே தவிர அறைகள் கூடுவதில்லை. மகனுக்குத் திருமணமாகிறது, ஆயா (பாட்டி) தனியே இருக்க முடியாமல் வந்து சேர்கிறார், மகளுக்குப் படிக்க ஓர் அறை வேண்டியிருக்கிறது. முற்றத்தில் கட்ட இடமில்லை என்றதும் கண் மேலே போகிறது. வீடுகளுக்கு வரைபடம் போடும் தொழிலில் இருப்பதால், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே கிடக்கும் அந்த இடத்தைப் பற்றி வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அந்த இடத்தை நம் பழைய சொல்லால் மச்சு என்றே இங்கே எழுதுகிறேன்.

மச்சில் பலகை அடித்து ஒரு கட்டிலைப் போட்டால் போதாதா? வெளியே ஒரு செங்கல்கூட வைக்கவில்லையே, இதற்கு எதற்கு அனுமதி?

தென்னாப்பிரிக்காவில் கட்டடங்களை ஆளும் சட்டம் 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் சட்டம். ‘கட்டுதல்’ என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் புதிதாக எழுப்புவது மட்டும் அடங்கவில்லை. இருப்பதை மாற்றுவது, வேறு பயனுக்குத் திருப்புவது, நீட்டிப்பது எல்லாமே கட்டுதல்தான். பெட்டிகளும் பழைய பாத்திரங்களும் கிடந்த இடத்தில் மனிதர் உறங்கப் போகிறார் என்றால் அந்த இடத்தின் பயன் மாறிவிட்டது. நகராட்சியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடங்கக்கூடாது.

அறை எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகளெல்லாம் எஸ்.ஏ.என்.எஸ். 10400 என்ற தரநிலையில் பகுதி பகுதியாக இருக்கின்றன. உயரமும் பரப்பும் சி பகுதியில், படிக்கட்டு எம் பகுதியில், வெளிச்சமும் காற்றும் ஓ பகுதியில், தீப்பாதுகாப்பு டி (T) பகுதியில். கீழே நான் சொல்லும் எண்கள் அங்கிருந்து வருபவை.

எங்கள் மச்சு அறையாகுமா ஆகாதா என்பதை நானே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஓர் அளவுநாடாவும் டார்ச் விளக்கும் போதும். யாருக்கும் ஒரு ராண்டு கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது.

மனிதர் வாழும் எந்த அறைக்கும் தளப்பரப்பு குறைந்தது 6 சதுர மீட்டர் இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக்கூடாது. படுக்கையறைக்கு உயர விதி ஒன்று தனியாக உண்டு. குறைந்தது 6 சதுர மீட்டர் பரப்பின் மேல் உயரம் 2.4 மீட்டர் இருக்க வேண்டும். அதோடு, தளத்தின் விளிம்பிலிருந்து 0.75 மீட்டருக்கு உள்ளே தள்ளி எங்கே நின்றாலும் 2.1 மீட்டராவது இருக்க வேண்டும். சாய்ந்த கூரைக்கு இடம் கொடுத்தே இந்த விதியை எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அது சிறிய சலுகைதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் குறுக்களவு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகடு நடுவில் இருக்கிறது. கூரையின் சாய்வு 45 பாகை என்றால் முகட்டின் உயரம் 4 மீட்டர். புதிய தளமும், மேலே அடிக்கும் பலகையும், வெப்பக்காப்பும் சேர்ந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மீதி 3.7 மீட்டர். அப்போது 2.4 மீட்டர் உயரம் கிடைக்கும் நடுப்பட்டையின் அகலம் 2.6 மீட்டர். அறை 2.3 மீட்டர் நீளம் இருந்தாலே 6 சதுர மீட்டர் நிறைவாகிவிடும். இரு பக்கமும் ஏறத்தாழ 1.35 மீட்டர் உயரத்தில் குட்டைச் சுவர் எழுப்பினால் அறையின் அகலம் 4.7 மீட்டர். மிக அழகான அறை.

அதே வீட்டில் சாய்வு 35 பாகை என்றால் முகடு 2.8 மீட்டர்தான். 30 சென்டிமீட்டரைக் கழித்தால் 2.5 மீட்டர். 2.4 மீட்டர் உயரம் கிடைக்கும் பட்டை ஒரு முழங்கூட அகலம் இராது; வெறும் 28 சென்டிமீட்டர். 6 சதுர மீட்டர் வேண்டுமானால் அறை 21 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். சாய்வு 26 பாகை என்றால் முகடே 1.95 மீட்டர். நல்ல உயரமான ஒருவர் நிமிர்ந்து நின்றால் தலை முகட்டைத் தொடும். அங்கே அறை என்ற பேச்சே இல்லை.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதை நம்பி ஏமாறாதீர்கள். வெறுமையாகக் கிடக்கும் மச்சு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

எங்களுடையது சாட்ஸ்வர்த்தில் நகராட்சி கட்டிக்கொடுத்த பழைய வீடு, அஸ்பெஸ்டாஸ் கூரை. முடியுமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: இருக்கிற கூரைக்குக் கீழே முடியாது. அந்த வீடுகளின் கூரை மிகத் தாழ்வான சாய்வில் போடப்பட்டது. ஒவ்வோர் இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் மக்களைப் பெயர்த்து 1960-களில் அங்கே குடியேற்றியபோது, எவ்வளவு குறைந்த செலவில் எத்தனை வீடு என்பதே கணக்காக இருந்தது. கூரைக்குள் ஓர் அறைக்கான உயரத்தை யாரும் விட்டுவைக்கவில்லை.

அஸ்பெஸ்டாஸ் இன்னும் பெரிய விஷயம். அதை அறுத்தாலோ துளைத்தாலோ பெயர்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடுகின்றன. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். தென்னாப்பிரிக்கா 2008-இல் அஸ்பெஸ்டாஸைத் தடைசெய்தது. 2020-இல் வந்த விதிகளின்படி ஒரு முழுக்கூரையை இறக்கும் வேலையைத் தொழிலாளர் துறையில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். சந்தில் இருக்கும் கூரைக்காரரும் இரண்டு பையன்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து இறக்கிப் போடுவது அல்ல. சன்னல் வைக்க ஒரு சதுரம் அறுத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தத் தூசியைச் சுவாசிப்பது உங்கள் பிள்ளைகள்.

அஸ்பெஸ்டாஸை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால், அப்போது கூரையையே உயர்த்திச் செங்குத்தான சாய்வில் புதிதாகப் போடுவதை யோசிக்கலாம். அது மச்சு வேலை அல்ல, மாடி கட்டும் வேலை. சுவரும் அடித்தளமும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகு யாருக்குத்தான் இது பொருந்தும்?

1991-இல் குழுப் பகுதிச் சட்டம் நீங்கிய பிறகு நம்மவர் பலர் டர்பன் நகரத்தின் பழைய பகுதிகளிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வீடு வாங்கினார்கள். அங்கே ஓடு வேய்ந்த செங்குத்தான கூரைகள் உண்டு. தகரம் வேய்ந்த உயரமான பழைய வீடுகளும் உண்டு. கையால் கோத்த கைமரமும் முகட்டுவளையுமாக, நடுவில் கட்டைகளின் நெருக்கடி இல்லாமல் இருந்தால் அதுதான் நல்ல மச்சு.

அப்படிப்பட்ட வீடு அறுபது ஆண்டுகளைத் தாண்டியதாக இருந்தால் வேலை தொடங்குமுன் மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவின் அனுமதியும் வேண்டும். அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் மட்டுமான விதி என்று நினைக்காதீர்கள், சாதாரண வீட்டுக்கும் உண்டு. சாட்ஸ்வர்த்தின் முதல் வீடுகளும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

சீலிங்கின் மேல் நடக்கிறோம், பெட்டி வைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. பலகை அடித்தால் தாங்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

சீலிங்கைத் தாங்கும் குறுக்குமரம் சீலிங் பலகையின் எடைக்காகவும், எப்போதாவது ஒரு மின்பணியாளர் ஏறி நடப்பதற்காகவும் போடப்பட்டது. பெரும்பாலும் 38-க்கு 114 மில்லிமீட்டர் மரம். குடியிருக்கும் அறையின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ தாங்க வேண்டும். 14 சதுர மீட்டர் அறை என்றால் இரண்டு டன்னுக்கு மேல். கட்டில், அலமாரி, புத்தகங்கள், நான்கு பேர் உட்கார்ந்து பேசுவது, ஒரு குழந்தை குதிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய வீடு என்றால் உள்ளே இருப்பது தொழிற்சாலையில் செய்த டிரஸ். மெல்லிய மரங்களைப் பல் வைத்த இரும்புத் தகடுகளால் இணைத்து முக்கோணம் முக்கோணமாகச் செய்திருப்பார்கள். அதில் ‘சும்மா நிற்கும்’ கட்டை ஒன்றுகூட இல்லை. ஒன்றை அறுத்தால் அது சுமந்த பாரம் பக்கத்து மரத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்குப் போகும்.

என் பெரியம்மா வீட்டில் இது நடந்தது. ‘நடுவில் இந்தக் கட்டைகள் இடத்தை அடைக்கின்றன’ என்று சொல்லி வேலைக்கு வந்தவர் நான்கு டிரஸ்களின் உட்கட்டைகளை அறுத்தெடுத்தார். பலகை அடித்துக் கார்ப்பெட் விரித்தார்கள். அண்ணனுக்கு அறை கிடைத்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாவது மழைக்காலத்தில் கூடத்துச் சீலிங் நடுவில் தொய்ந்தது. அறைக்கதவு நிலையில் சிக்கியது. ஓடுகள் விலகி மழை உள்ளே இறங்கியது. ஓர் இரவு மேலே மரம் பிளக்கும் சத்தம் கேட்டு அண்ணன் பாயோடு கீழே ஓடி வந்தார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கூரை முழுவதையும் இறக்கி மீண்டும் போட்டார்கள், பெரியம்மாவின் சேமிப்பு அதோடு போயிற்று. அன்று எனக்கு இருபது வயது. அந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. அந்தச் சீலிங்கைப் பார்த்த பிறகுதான் இந்தத் தொழிலைக் கற்கப் போனேன்.

சரியான வழி எது? பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் மேலே ஏறிப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். பழைய குறுக்குமரத்தைத் தொடாமல், அதன் பக்கத்தில் ஆழமான புதிய மரங்களைப் பாரம் தாங்கும் சுவர்களின் மேல் உட்காரவைத்துத் தனித்தளம் போடுவார்கள். தேவைப்பட்டால் இரும்பு உத்தரம் வரும். டிரஸ் கூரை என்றால் பெரும்பாலும் அவற்றை எடுத்துவிட்டு, நடுவில் அறைக்கு இடம்விட்டுச் செய்யும் மச்சு டிரஸ்களைப் போடுவதுதான் மலிவாக முடியும். கடலோரத்தில் புதிதாகப் போடும் மரம் எல்லாம் பூச்சிக்கும் கரையானுக்கும் எதிராகப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். மரத்தின் மேல் அதற்கான முத்திரை இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள்.

கீசர் மேலேதான் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமா?

அறைக்குள் விடக்கூடாது. 150 லிட்டர் கீசர் நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டுமே 150 கிலோ. அது எந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறியாளர் முதலில் பார்ப்பார். பாதுகாப்பு வால்விலிருந்து கொதிநீர் வெளியேறும் குழாயும், அடியில் ஒழுகுநீர்த் தட்டும் வீட்டுக்கு வெளியே வடிய வேண்டும். குட்டைச் சுவருக்குப் பின்னால் இடம் இருந்தால் பழுது பார்க்க ஒரு சிறு கதவு வைத்து அங்கே நகர்த்தலாம். இல்லையென்றால் வெளிச்சுவருக்குக் கொண்டு போய்விடுங்கள். இடம் மாற்றும் வேலையைத் தகுதிபெற்ற குழாய்ப்பணியாளர் செய்து சான்றிதழ் தர வேண்டும்.

மின்கம்பிகளும் குறுக்குமரத்தின் மேல்தான் ஓடுகின்றன. அவற்றைப் பலகைக்கு அடியில் நசுக்கிவிடாமல் முறையாக மாற்றிப் போட்டு, பதிவுபெற்ற மின்பணியாளரிடம் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள்.

மடக்கு ஏணி வைத்துக்கொள்ளலாமா? படிக்கட்டு இடத்தைத் தின்கிறதே.

பொருள் வைக்கும் பரணுக்கு ஏணி போதும். படுக்கையறைக்குப் படிக்கட்டு வேண்டும். ஒரு படியின் ஏற்றம் 200 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் ஆழம் 250-க்குக் குறையக்கூடாது. வீட்டுக்குள் அகலம் குறைந்தது 750. ஏறும் வழியெங்கும் தலைக்கு மேல் 2.1 மீட்டர் இருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையக்கூடாது. குழந்தையின் தலை சிக்காமல் இருப்பதற்கான அளவு அது.

கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் 2.7 மீட்டர் என்றால் 14 ஏற்றங்கள் வரும், ஒவ்வொன்றும் 193 மில்லிமீட்டர். நீளவாக்கில் 3.25 மீட்டர் போய்விடும். ஆகவே கீழே ஒரு பெரிய அலமாரியின் இடத்தையோ, ஓர் அறையின் ஓரத்தையோ இழக்கத்தான் வேண்டும். மேலும், படி மேலே முடியும் இடம் முகட்டுக்கு அடியில் இருந்தால்தான் அந்த 2.1 மீட்டர் கிடைக்கும். கூரை ஓரத்தில் படியை வைத்துவிட்டு மேலே போனால் தலை இடிக்கும். நான் வரைபடம் போடும்போது முதலில் படிக்கட்டைத்தான் வைப்பேன். அது உட்கார்ந்துவிட்டால் அறை தானாக அமையும்.

சன்னல் எவ்வளவு பெரிது?

வெளிச்சத்துக்குத் தளப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, காற்றுக்குத் திறக்கும் பகுதி இருபதில் ஒரு பங்கு. 14 சதுர மீட்டர் அறைக்கு 1.4 சதுர மீட்டர் கண்ணாடி, அதில் பாதி திறக்க வேண்டும். முக்கோணச் சுவரில் சன்னல் வைக்க முடிந்தால் அதுதான் மலிவு, மழை ஒழுகும் பயமும் இல்லை. கூரையில் பதிக்கும் சன்னல் வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வரும், கூடவே பிப்ரவரி வெயிலையும் கொண்டு வரும். கூரையிலிருந்து எழுப்பிக் கட்டும் டார்மர் சன்னல் உயரத்தையும் கூட்டித் தரும், 2.4 மீட்டருக்குச் சிறிதளவே குறையும் மச்சுகளை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கூரையும் டார்மரும் சேரும் மூலைகளில் ஈயத்தகடு சரியாகப் போடாவிட்டால் டர்பன் மழை ஒரே வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

குரங்குகளைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்வி. மரங்கள் அடர்ந்த பகுதி என்றால் திறக்கும் சன்னலுக்குக் கம்பிவலை இப்போதே போட்டுவிடுங்கள்.

மேலே வெயில் தாங்குமா?

வெப்பக்காப்பு இல்லாமல் தாங்காது. கூரை ஓடு பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் உள்ளே இறக்கும், கடலோரக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் உறக்கமே இல்லை. அதே தரநிலையின் எக்ஸ்.ஏ. பகுதி கூரைக்கு இவ்வளவு வெப்பத்தடை வேண்டும் என்று கணக்குக் கேட்கிறது, வரைபடத்தோடு அதையும் காட்டியாக வேண்டும். ஓட்டுக்கு அடியில் வெள்ளித்தாள், அதன்கீழ் காற்றோட விரலளவு இடைவெளி, பிறகு கைமரங்களுக்கு நடுவே தடித்த காப்பு, அதன்கீழ் உட்பலகை. இடைவெளியை அடைத்துவிட்டால் ஈரம் தேங்கி மரம் உளுத்துப்போகும். முகட்டருகே காற்று வெளியேற வழி விடுங்கள்.

தீப்பிடித்தால் மேலே இருப்பவர் எப்படித் தப்புவார்?

புகை மேலேதான் ஏறும். சமையலறையில் எண்ணெய் பற்றினாலும், மின்வெட்டு இரவில் மெழுகுவர்த்தி சாய்ந்தாலும், பூசையறை விளக்கிலிருந்து திரை பற்றினாலும் முதலில் மூச்சு முட்டுவது மச்சில் உறங்குபவருக்கு. சட்டம் கேட்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கீழ்த்தளத்திலும் படிக்கட்டின் தலையிலும் புகை எச்சரிக்கைக் கருவி வையுங்கள். படிக்கட்டு சமையலறைக்குள் இறங்க வேண்டாம், நடைக்கு இறங்கட்டும். ஒரு சன்னலாவது ஓர் ஆள் வெளியேறும் அளவுக்கு முழுதாகத் திறக்கட்டும். திருட்டுக்குப் பயந்து அடிக்கும் கம்பிக்கு உள்ளிருந்து திறக்கும் தாழ் இருக்கட்டும்.

இரட்டை வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் பல இடங்களில் சீலிங்கோடு நின்றுவிடுகிறது, மேலே இரு மச்சும் ஒன்றாகவே திறந்து கிடக்கின்றன. அந்தச் சுவரைக் கூரையின் அடிவரை எழுப்பி இடுக்கை அடைக்காமல் அங்கே யாரையும் படுக்கவைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுத் தீ சுவரே இல்லாமல் உங்கள் கட்டிலுக்கு வந்துவிடும்.

நாங்கள் இருப்பது அடுக்குமனை. மேல்மாடி எங்களுடையது, ஆகவே மச்சும் எங்களுடையதுதானே?

இல்லை. பகுதி உரிமைச் சொத்தில் உங்கள் எல்லை சீலிங்கின் நடுக்கோட்டோடு முடிகிறது. அதற்கு மேலே உள்ளது பொதுச்சொத்து. உரிமையாளர் சங்கத்தின் சிறப்புத் தீர்மானமும், பகுதியை விரிவாக்கும் பதிவும் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள்.

வரைபடம் யார் போடுவது? எவ்வளவு நாளாகும்?

கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில் பதிவுபெற்றவர் போட வேண்டும். தளம், உத்தரம், டிரஸ் ஆகியவற்றுக்குப் பொறியாளர் தனியே கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பார். முதலில் நகராட்சியிலிருந்து உங்கள் வீட்டின் பழைய ஒப்புதல் வரைபடத்தின் நகலை வாங்குங்கள். அப்பா காலத்தில் கட்டிய வராந்தாவோ வண்டிக் கொட்டகையோ அதில் இல்லை என்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். அதையும் சேர்த்தே இப்போது ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும்.

மண்டலத் திட்டத்தையும் பார்க்க வேண்டும். மச்சு அறை நிலத்தில் கூடுதல் இடத்தை மூடுவதில்லை, ஆகவே மூடுபரப்பு விழுக்காடு மாறாது. மொத்தத் தளப்பரப்பு கூடும். உங்கள் மனைக்கு அனுமதித்த தளப்பரப்பில் மிச்சம் இருக்கிறதா என்று வரைபடக்காரரைக் கேளுங்கள்.

500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடம் என்றால், முழுமையான விண்ணப்பம் கிடைத்து 30 நாட்களுக்குள் நகராட்சி முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். ‘முழுமையான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கையெழுத்து விடுபட்டாலும் கோப்பு திரும்பி வரும், நாட்கள் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். ஒப்புதல் கிடைத்து 12 மாதங்களுக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். வேலை நடக்கும்போது ஆய்வாளர் பார்க்க வருவார். உட்பலகை அடித்துத் தளமரங்களை மூடுவதற்கு முன்னால் பொறியாளரைக் கட்டாயம் அழையுங்கள், மூடியபின் யாரும் எதையும் பார்க்க முடியாது. எல்லாம் முடிந்து நீங்கள் கேட்ட 14 நாட்களுக்குள் குடிபுகும் சான்றிதழ் வர வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் மேலே உறங்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன செய்துவிடுவார்கள்? எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான் இருக்கிறது.

அபராதம் நாளொன்றுக்கு 100 ராண்டு வரை என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்துத் துணிபவர்கள் உண்டு. அதே சட்டத்தில் 21-ஆம் பிரிவும் இருக்கிறது. நீதிமன்றம் இடிக்கச் சொல்லலாம். கிழக்குக் கேப் மாகாணத்தின் கென்டன்-ஆன்-சீ ஊரில் ஒப்புதல் வரைபடம் இல்லாமல் கட்டிய ஒரு வீட்டை இடிக்கச் சொன்ன உத்தரவை 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

அபராதத்தை விடவும் நான் நினைத்துக்கொள்வது வேறொன்று. 2013 நவம்பர் 19 அன்று நம் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் சரிந்து இருவர் இறந்தார்கள். அதற்கு ஒப்புதல் வரைபடம் இல்லை. வேலையை நிறுத்தும்படி நீதிமன்ற உத்தரவு சில நாட்களுக்கு முன்பே வந்திருந்தது. உங்கள் மச்சு அத்தனை பெரியதல்ல. ஆனால் அதன்கீழே உறங்குபவர்கள் உங்கள் வீட்டார்.

வாங்கப் போகும் வீட்டில் மச்சு அறை ஏற்கெனவே இருக்கிறது. ஒப்புதல் உண்டா என்று தெரியவில்லை.

கையெழுத்திடும் முன் ஒப்புதல் வரைபடத்தையும் குடிபுகும் சான்றிதழையும் கேளுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருப்பது இருந்தபடியே, என்ற நிபந்தனையோடு விற்ற வீட்டில் நகராட்சி ஒப்புதல் இல்லாத குறையும் அந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்று 2008-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும்தான் உங்களுக்கு வழி உண்டு. 2022 பிப்ரவரி முதல், வீட்டை விற்பவர் குறைகளை எழுதித் தரும் படிவம் கட்டாயமாகியிருக்கிறது. அதில் வரைபடம் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். ஒப்புதல் இல்லாத கட்டுமானத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும்.

ஏற்கெனவே அப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் மறைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். உள்ளது உள்ளபடி வரைபடம் போட்டு, பொறியாளரின் அறிக்கையோடு கொடுக்கலாம். அளவுக்குப் பொருந்தும் அறைகள் பல ஒப்புதல் பெற்றிருக்கின்றன. உயரம் பொருந்தாவிட்டால் அறை மீண்டும் பரணாகும். அதுவரை அங்கே யாரும் உறங்க வேண்டாம்.

இந்த அறையை ஆயாவுக்குக் கொடுக்க நினைக்கிறோம். நல்ல வெளிச்சம், கடல்கூடத் தெரியும்.

கொடுக்காதீர்கள். பதினான்கு படிகள் ஏறி இறங்க வேண்டும். இரவில் கழிப்பறைக்கு ஒரு முறையாவது எழுந்து வர வேண்டும், காலையில் விளக்கேற்ற மீண்டும் வர வேண்டும். முழங்கால் வலி தொடங்கியபின் அவர் கீழே வருவதைக் குறைத்துக்கொள்வார். சமையலறைப் பேச்சும், வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவதும் அவரைவிட்டுப் போய்விடும். பேரன் மேலே போகட்டும், இளம் கால்கள். அவன் விட்டுச்சென்ற கீழறையில் ஆயாவின் கட்டிலைச் சன்னலோரம் போட்டு, கழிப்பறைச் சுவரில் ஒரு பிடிகம்பி பொருத்திக் கொடுங்கள். கடலைப் பார்க்க ஆசைப்பட்டால், பகலில் யாராவது கையைப் பிடித்து மேலே அழைத்துப் போகலாம்.